ஊசி நாற்பத்தெட்டு

ஸ்டுட்கார்ட்,
6 பிப்ரவரி 1972

ஃபவுஸ்தினோவுக்கு,

லெயாந்த்ரோ எழுதுகிறேன். இரண்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் போகவில்லை. உன் தங்கை விசி நன்றாக இருக்கிறாள், காலையிலிருந்து இந்த ஊர்க் குளிரைத் திட்டிக்கொண்டு. உன்னோடு பேச ஆசைப்பட்டு நான் எழுதவில்லை. ஒரு கிட்டாருக்காக எழுதுகிறேன்.

திருமதி ஸாட்லரை மறந்திருக்க மாட்டாய். ஒரு குளிர்காலம் முழுக்க கிரனாடாவில் தங்கிப் பாடம் கேட்டுவிட்டு, நம் கடையில் ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டு போன ஜெர்மன் டீச்சர். நீயும் நானும் சேர்ந்து செய்த கிட்டார் அது. ஊருக்குப் போன முதல் குளிரிலேயே முகப்பலகை வெடித்துவிட்டது என்று அவள் எழுதிய கடிதத்தை எலாதியோவின் பாரில், நம் மேட்டுத்தெருவில் கிட்டார் செய்கிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் நின்று படித்தவன் நீ. படித்து முடித்துவிட்டு, "முதுகு ஒட்டிப் பெட்டிய மூடினது லெயாந்த்ரோ. மழை நாள்ல மூடிட்டான்" என்று சொன்னவனும் நீ.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கிட்டார் நான் வேலை பார்க்கும் ரிப்பேர் கடைக்கு வந்தது. பெட்டியைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முதுகின் ஈட்டிமரப் பலகையில் அந்தக் கண் மாதிரியான சுழி இருக்கிறதே, அதை எங்கே பார்த்தாலும் தெரியும். கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜின் வலது பக்கத்திலிருந்து அடிவரை விரிசல். தீக்குச்சி நுழையும். எவனோ தொழிற்சாலைப் பசையை அப்பி மூடப் பார்த்திருக்கிறான், அது பிளந்துகொண்டது. முகப்பலகையையே மாற்றிவிடு என்கிறார் முதலாளி ரீடிங்கர். முடியாது என்றேன். ஏப்ரல் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறார்.

இவ்வளவு அகல விரிசலுக்குப் பசை மட்டும் போதாது என்று உனக்குத் தெரியும். அதே மரத்தில் ஒரு சிம்பு சீவி உள்ளே இறக்க வேண்டும். முகப்புக்கு அறுத்த அந்த ஸ்ப்ரூஸ் பலகையின் மிச்சத் துண்டு பரணில் கிடக்கும், நீலப் பென்சிலில் பதினொன்று என்று போட்டிருக்கும். அதை அனுப்பு.

இங்கே நான் இதுவரை ஒரு கிட்டார்கூடச் செய்யவில்லை. அடுத்தவன் விரிசலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுவார்கள், இரண்டு வார்த்தை பேசலாமே என்று நானும் போய் நிற்பேன். போன வாரம் மோத்ரில்காரன் ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதானே அந்த ஈரப்பெட்டி லெயாந்த்ரோ?" என்று கேட்டான். நீ வைத்த பெயர் கடற்கரை வரைக்கும் போயிருக்கிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

லெயாந்த்ரோ பயேனா


கிரனாடா,
15 பிப்ரவரி 1972

மாப்பிள்ளை,

மச்சான் என்று ஒரு வார்த்தை எழுத உன் பேனாவில் மை இல்லையா? 'ஃபவுஸ்தினோவுக்கு' என்கிறாய், கரண்ட் ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி. போகட்டும்.

துண்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். பரணில் ஏறி இறங்கியதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பதினோரு நாளாக இங்கே மழை. இரண்டு பெட்டிகள் மூடாமல் கிடக்கின்றன. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உளியைத் தீட்டுகிறேன், தீட்டின உளியையே மறுபடி எடுத்துத் தீட்டுகிறேன். அங்குஸ்தியாஸ், "கடைக்குப் போங்க, இல்லன்னா வீட்டுல இருங்க, ரெண்டுக்கும் நடுவுல நடந்து ஏன் செருப்பைத் தேய்க்கிறீங்க" என்கிறாள். என் மனைவிக்கு எப்போதும் நேராகத்தான் பேச வரும்.

பார் விஷயத்தை இனிமேல் கிளறாதே. பெட்டி வெடித்தது. நீதான் மூடினாய். இதில் நான் என்ன பொய் சொன்னேன்?

ஒன்று சொல்கிறேன், கேள். முதுகுப்பலகையைப் பிரிக்காதே. ஒலித்துளை வழியாகக் கண்ணாடியும் விளக்கும் விட்டு வேலையை முடி. ஒருமுறை பிரித்தால் பழைய ஓசை திரும்பாது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

விசிக்கு என் முத்தங்கள். அவளாவது ஒரு வரி எழுதக்கூடாதா?

ஃபவுஸ்தினோ


ஸ்டுட்கார்ட்,
22 பிப்ரவரி 1972

ஃபவுஸ்தினோவுக்கு,

துண்டு வந்தது. அது பதினொன்று இல்லை. பதினொன்றில் ரேகைகள் அகலம், இதில் சீப்புப் பல் மாதிரி நெருக்கம். இது ஒன்பதாம் பலகை. பென்சில் எண்ணை நீ அழித்திருந்தாலும் மரம் மாறிவிடுமா? தெரியாமல் எடுத்தாயா, தெரிந்தே எடுத்தாயா என்று இங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதுகைப் பிரித்துவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியதற்காகவே பிரித்தேன் என்று வைத்துக்கொள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவன் நீ. முதுகைப் பிரித்தால் ஓசை போகாது என்று உனக்குத் தெரியாதா? ஏன் அப்படி எழுதினான் என்று மண்டையைக் குடைந்தது. மெல்லிய கத்தியை விளக்கில் காட்டிக் காட்டி, ஒட்டியிருந்த வஜ்ஜிரப் பசை இளக இளக, இரண்டு நாள் பிடித்தது. ஒரு நூல்கூடப் பிசிறவில்லை.

உள்ளே முகப்பலகையின் அடிப்பக்கம், விசிறி மாதிரி ஒட்டிய தாங்குகட்டைகளுக்கு நடுவே, பென்சிலில் என் எழுத்து: '14 ஜனவரி 1969. ஊசி 48. லெ.'

நான் மூடிய ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தேதியையும் சுவர் ஈரமானியின் ஊசி காட்டுகிற எண்ணையும் எழுதிவிட்டுத்தான் மூடுவேன் என்று உனக்குத் தெரியும். இதை எழுதியதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. பார்த்ததும் முதலில் சந்தோஷம். பார், நாற்பத்தெட்டு, ஐம்பதுக்குக் கீழே, பெட்டி மூடலாம் என்கிற ஈரம்தான், நான் தப்பு செய்யவில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் விசியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஜனவரி பதினாலா? அன்னிக்குத்தானே கூரை ஒழுகி நம்ம மெத்தை நனைஞ்சுது? நீங்க கடைக்குப் போறப்ப ஷூவுக்குள்ள தண்ணி சளக் சளக்குன்னுச்சே."

அவள் சொன்ன பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த ஷூவை வஜ்ஜிரம் காய்ச்சும் அடுப்பின் பக்கத்தில் காயவைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று அந்தப் பெட்டியை மூடினேன். வெளியே அப்படி மழை. ஊசி நாற்பத்தெட்டா? அறுபதுக்குக் கீழே இறங்கியிருக்க வழியே இல்லை. நம் ஊரில் பிறந்தவன் எவனுக்கும் மூக்கே சொல்லிவிடும். நான் மூக்கை விட்டுவிட்டு ஊசியை நம்பினேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஊசி ஏன் பொய் சொன்னது?

ஒரு காரியம் செய். சுவரிலிருந்து ஈரமானியைக் கழற்று. நனைத்த துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வை. உள்ளே ஊசியை நகர்த்தும் முடி நனைந்து நீண்டுவிடும். ஊசி தொண்ணூற்றைந்துக்கு மேல் நிற்க வேண்டும். எவ்வளவு காட்டுகிறது என்று எனக்கு எழுது. பதினொன்றாம் துண்டையும் அனுப்பு.

லெயாந்த்ரோ


கிரனாடா,
1 மார்ச் 1972

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் கசக்கினேன். அந்த ஈரமானி என் அப்பா நியூரன்பெர்கிலிருந்து வரவழைத்தது. இந்தத் தெருவில் அதைவிட நல்ல ஊசி யாரிடமும் இல்லை. இன்றைக்கும் அக்டோபரில், முதல் மழைக்கு முன்னால், ஹினேஸ், செவெரியானோ, அந்த மூன்று சகோதரர்கள், எல்லாரும் அவரவர் ஈரமானி டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குத்தான் வருகிறார்கள். என் ஊசி பக்கத்தில் வைத்து, அது காட்டுகிற எண்ணுக்குத் தங்கள் ஊசியைத் திருப்பிக்கொண்டு, ஒரு மடக்கு அனிஸ் சாராயம் குடித்துவிட்டுப் போகிறார்கள். மேட்டுத்தெரு முழுக்க நம்புகிற ஊசியை ஸ்டுட்கார்ட்டில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ சந்தேகப்படுகிறாய்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மழையை என் தங்கை மெத்தையை வைத்துக் கணக்குப் போடுகிறாள், நீயும் தலையாட்டுகிறாய். நன்றாக இருக்கிறது குடும்பம்.

உனக்கு வேலை இருக்கிறது, எனக்கும் வேலை இருக்கிறது. இதோடு விடு.

ஃபவுஸ்தினோ


கிரனாடா,
3 மார்ச் 1972

லெயாந்த்ரோ,

முந்தாநாள் போட்ட கடிதம் வந்தால் பிரிக்காதே. அடுப்பில் போடு.

மழை விட்டிருக்கிறது, ஆனால் வெயில் இல்லை. காலையில் துணியை நனைத்தேன். பிழிந்தேன். ஈரமானியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் துணியைக் கொண்டுபோய்க் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தேன். எனக்கு நேரமில்லை. நேரம் கிடைக்கிறபோது பார்க்கிறேன்.

ஃபவுஸ்தினோ


ஸ்டுட்கார்ட்,
10 மார்ச் 1972

ஃபவுஸ்தினோவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் படித்தேன்.

துணியை நனைத்தவன் ஏன் சுற்றவில்லை?

நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் குளிரில் எங்கள் கடைக்கு உன் லேபிள் ஒட்டிய கிட்டார்கள் இரண்டு வந்தன. ஒன்று எழுபதில் செய்தது, ஒன்று எழுபத்தொன்றில். நான் உன் கடையை விட்டுப் போன பிறகு செய்தவை. இரண்டிலும் விரிசல், அதே இடத்தில், பிரிட்ஜ் பக்கத்திலிருந்து அடிவரை. ஈரக் காற்றில் ஒட்டிய பலகை ஹீட்டர் போட்ட அறைக்கு வந்து சுருங்குகிறது, குறுக்கே ஒட்டிய கட்டை விட்டுக்கொடுக்காது, பலகை கிழிகிறது. நான் இல்லாத கடையில் எவன் ஈர நாளில் மூடினான்? ரீடிங்கர், "உங்க ஊர்க்காரங்களுக்கு மழைன்னா என்னன்னே தெரியாதா?" என்று சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை, ஒட்டிக் கொடுத்தேன். உன் பெயரைக் காப்பாற்றினேன் என்றுகூடச் சொல்லலாம். ஏன் காப்பாற்றினேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

ஹினேஸ் செய்த ஒன்றும் ஜனவரியில் வந்தது. அதே விரிசல். ஹினேஸுக்கு வயதாகிக் கவனம் போய்விட்டது போல என்று நினைத்தேன். நீ எழுதிய அக்டோபர் விஷயத்தைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

விசி பக்கத்தில் நின்றுகொண்டு இதையும் எழுதச் சொல்கிறாள்: "அண்ணன்கிட்ட சொல்லுங்க, சின்ன வயசுல ஜாடியை உடைச்சிட்டு ஓட்டுச்சில்லைப் பொறுக்கிப் பூந்தொட்டிக்குள்ள புதைச்சு வச்சுட்டு, ரெண்டு நாள் சோறு தின்னாம அலைஞ்சுதே, அந்த மூஞ்சி எனக்கு இங்கேருந்தே தெரியுது."

லெயாந்த்ரோ


கிரனாடா,
16 மார்ச் 1972

லெயாந்த்ரோ,

சுற்றினேன். ஒரு மணி நேரம் வைத்தேன். நம்பிக்கை இல்லாமல் இன்னும் அரை மணி வைத்தேன். எண்பது. அதற்கு மேல் ஊசி ஏறவில்லை.

பதினாறு குறைவாகக் காட்டுகிறது. அன்றைக்கு நீ எழுதிய நாற்பத்தெட்டு, உண்மையில் அறுபத்து நான்கு.

ஆனால் எனக்கு இதைத் தெரிந்துகொள்ளத் துணி தேவைப்படவில்லை. ஊசி தானாக மாறவில்லை. பின்பக்கம் இருக்கும் திருகாணியை நான் திருப்பினேன்.

பூசி மெழுகாமல் சொல்கிறேன், குறுக்கே பேசாதே. அந்த ஜனவரியில் இருபத்திரண்டு நாள் மழை. திருமதி ஸாட்லர் மார்ச் முதல் வாரம் கிளம்புகிறாள். அரக்கு மெருகு ஏற்ற எனக்கு ஆறு வாரம் வேண்டும். நீயானால் ஊசி ஐம்பதைத் தாண்டினால் வஜ்ஜிரத்தைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். தினமும் சண்டை. காலையில் வந்து சுவரைப் பார்ப்பாய், "அறுபத்தஞ்சு" என்பாய், மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போவாய். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ சொன்னதுதான் சரி என்று தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது.

பதினான்காம் தேதி காலை உனக்கு அரை மணி முன்னால் கடைக்கு வந்தேன். திருகாணியில் கால் சுற்றுகூட இல்லை. நீ நனைந்துபோய் வந்தாய், சுவரைப் பார்த்தாய், "பரவால்லயே" என்று சொல்லி ஷூவைக் கழற்றினாய். எப்படிச் சந்தோஷப்பட்டாய் தெரியுமா. உன் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலுக்குப் போய் நின்றேன்.

அன்று மாலையே திருப்பி வைத்துவிடலாம் என்று இருந்தேன். நீ இருந்தாய். மறுநாளும் நீ இருந்தாய். அவள் கடிதம் வந்த அன்று பாரில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உன் பெயர் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு திருகாணியை எப்படித் தொடுவேன்? தொட்டால் நான் பொய்யன் என்று எனக்கே ஆகிவிடும். மனசுக்குள் பதினாறு கூட்டிக்கொண்டால் போகிறது என்று விட்டுவிட்டேன். முதல் வருஷம் கூட்டினேன். எப்போது கூட்டுவதை விட்டேன் என்று தெரியவில்லை. ஒரு நாள் ஊசி நாற்பத்தேழு என்றது, நானும் நாற்பத்தேழு என்று நம்பி மூடினேன். நானே செய்த பொய்யை நானே நம்பிவிட்டேன்.

இப்போது திருப்பி வைத்துவிட்டேன். தொண்ணூற்றாறு. இது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும். நீ என்ன கேட்டாலும் செய்கிறேன்.

ஃபவுஸ்தினோ


ஸ்டுட்கார்ட்,
22 மார்ச் 1972

ஃபவுஸ்தினோவுக்கு,

உன் கடிதத்துக்கு நான் எழுதும் நான்காவது பதில் இது. முதல் மூன்றையும் விசி கிழித்தாள். அவற்றில் இருந்த வார்த்தைகளுக்குத் தபால்காரன் என்னைப் பிடித்துக் கொடுத்திருப்பான்.

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் ஏறி இறங்கி நடந்தேன். உன்மேல் கோபம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தேன். நீ திருகாணியைத் திருப்பியதில் இல்லை. அந்த அவசரம் எனக்குப் புரிகிறது, அந்த மழை என்னையும் தின்றது. பாரில் என் பெயரைச் சொன்னாயே, அங்கேதான் நிற்கிறது. ஏன் தெரியுமா? நானும் நம்பினேன். இரண்டு வருஷமாக நான்தான் செய்தேன் என்று நம்பினேன். ஊசியைத் தப்பாகப் படித்திருப்பேன், கண் போயிருக்கும், இனி ஒரு கிட்டார் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை என்று இங்கே வந்து அடுத்தவன் விரிசலை ஒட்டிக்கொண்டிருந்தேன். என் பெட்டி போனதைவிட என் கையை என்னிடமிருந்து நீ பிடுங்கியதுதான் வலிக்கிறது.

'உனக்கும் எனக்கும் நடுவில்' என்கிறாயே, அது எப்படி இருக்க முடியும்? அறுபத்தொன்பது, எழுபது, எழுபத்தொன்று. மூன்று அக்டோபரிலும் அவர்கள் தங்கள் டப்பாக்களோடு உன் கடைக்கு வந்தார்கள். உன் ஊசியைப் பார்த்துத் தங்கள் ஊசியைத் திருப்பினார்கள். நீ அவர்களுக்கு அனிஸ் ஊற்றிக் கொடுத்தாய். இன்று காலைகூட அந்தத் தெருவில் யாராவது அறுபத்து நான்கில் ஒரு பெட்டியை மூடிக்கொண்டிருப்பார்கள்.

நீ என்ன கேட்டாலும் செய்கிறேன் என்றாய். கேட்கிறேன். எலாதியோவின் பார். ஞாயிறு மதியம். அதே ஆட்கள். என் பெயரைச் சொன்ன அதே வாயால் உன் பெயரைச் சொல். சொல்லிவிட்டு எனக்கு எழுது. சொல்லவில்லை என்றால் எழுதாதே, துண்டும் வேண்டாம், ரீடிங்கர் புதுப் பலகை போட்டுக்கொள்ளட்டும். உன் தங்கையும் ஒரு நாளும் எழுத மாட்டாள், அது என் உத்தரவு இல்லை, அவளே சொன்னது.

லெயாந்த்ரோ


கிரனாடா,
4 ஏப்ரல் 1972

லெயாந்த்ரோ,

குருத்தோலை ஞாயிறு அன்று உன் கடிதம் கையில் இல்லை. புதன்கிழமைதான் வந்தது. உயிர்த்த ஞாயிறுவரை நான்கு நாள் நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன். அங்குஸ்தியாஸிடம் முதலில் சொன்னேன். அவள் என் நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

போனேன். எல்லாரும் இருந்தார்கள். சொன்னேன். உட்கார்ந்துகொண்டு சொல்லப் பார்த்தேன், முடியவில்லை, எழுந்து நின்று சொன்னேன். "அந்தப் பெட்டிய லெயாந்த்ரோ ஈர நாள்ல மூடினான்னு சொன்னேன்ல. அவன் ஊசியைப் பார்த்துட்டுத்தான் மூடினான். ஊசியைத் திருப்பி வச்சது நான்."

உன்னைப் பற்றி ஏதாவது சொல்வார்கள், என்னைத் திட்டுவார்கள், யாராவது கிளாஸைத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்தேன். ஹினேஸ் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே அந்த மூன்று சகோதரர்கள். ஒவ்வொருவராக எல்லாரும் போய்விட்டார்கள், குடித்தது பாதி குடிக்காதது பாதியாக. நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். தெரு முழுக்க, பண்டிகை நாளும் அதுவுமாக, கடைக் கதவுகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் ஈரத்துணி சுற்றிய டப்பா. ஊர்வலத்துக்கு வந்த ஜனங்கள் இது என்ன புது வழக்கம் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

பாரில் மிச்சம் இருந்தவர் செவெரியானோ மட்டும். அவருக்கு நடந்தது உனக்குத் தெரியாது. எழுபதில் அவருடைய இரண்டு பெட்டிகள் வெடித்துத் திரும்பி வந்தன. தன் கை போய்விட்டது என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து அவர் எந்தப் பெட்டியையும் மூடியதில்லை. மருமகனை மூடச் சொல்லிவிட்டுக் கழுத்து செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகன் மூடியது வெடித்தபோது அவனையும் நாலு பேர் முன்னால் வைதார். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, "அப்ப என் கை நல்லாத்தான் இருந்துதா, ஃபவுஸ்தினோ?" என்று கேட்டார்.

நல்லாத்தான் இருந்தது என்றேன்.

இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை. வஜ்ஜிரம் கடன் கேட்டால் கொடுக்கிறார்கள், முகத்தைப் பார்க்காமல். வெடித்த பெட்டிகளில் கண்டுபிடிக்க முடிந்ததையெல்லாம் வரவழைத்து நானே ஒட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை என்று தெரியாது. என் ஆயுசு போதுமா என்றும் தெரியாது.

பதினொன்றாம் துண்டு இதோடு வருகிறது. நீலப் பென்சில் எண் அழியாமல் இருக்கிறது, பார்த்துக்கொள். முதல் தடவை தெரிந்தேதான் மாற்றி அனுப்பினேன். பொருந்தாது, நீ சலித்துப்போய்ப் பலகையையே மாற்றுவாய், பழைய பலகையோடு உன் எழுத்தும் குப்பைக்குப் போய்விடும் என்று நினைத்தேன்.

வந்துவிடு. உன் வேலைமேஜையில் நான் எதையும் வைத்ததில்லை. மேட்டுத்தெருவில் உன் பெயரை இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள். கடையை உன் பெயரில் மாற்று என்றாலும் மாற்றுகிறேன்.

ஃபவுஸ்தினோ


ஸ்டுட்கார்ட்,
25 ஏப்ரல் 1972

ஃபவுஸ்தினோவுக்கு,

சிம்பு பொருந்திவிட்டது. முதுகு பிரித்த பெட்டியை ஒரு வாரம் ஈரப் பஞ்சோடு போர்த்தி வைத்து விரிசலைச் சுருக்கிவிட்டு, மிச்ச இடைவெளிக்குத் துண்டைத் தலைமுடி அளவு சீவிச் சீவி இறக்கினேன். ரேகைக்கு ரேகை சேர்ந்தது. மெருகு ஏறினால் நீயே தேட வேண்டியிருக்கும். அடியில் ஏழு சின்ன ஒட்டுத்துண்டுகள், நார் குறுக்கே போகும்படி. குறுக்குக் கட்டைகளையும் கழற்றி, உலர்ந்த நாளில் மறுபடி ஒட்டினேன். திருமதி ஸாட்லர் நேற்று வந்து வாசித்துப் பார்த்தாள். ஒரு பாட்டு முழுசாக வாசித்துவிட்டு, யார் செய்த கிட்டார் இது என்று ரீடிங்கர் கேட்டதற்கு என்னைக் கைகாட்டினாள். லேபிளில் உன் பெயர் இருக்கிறது, நான் மறுக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

செவெரியானோவைப் பற்றிப் படித்துவிட்டு விசி வெகுநேரம் அழுதாள். நான் அழவில்லை. ஆனால் அன்று முழுக்க என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடைக்கு வர மாட்டேன். உன் பக்கத்தில் நின்று வேலை செய்தால், ஒவ்வொரு காலையும் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்ப்பேன். அப்படி வேலை செய்ய முடியாது. ஆனால் இந்த ஊரில் இன்னொரு குளிரும் இருக்க மாட்டேன். உன் கடைக்கு எதிரே அந்த முடிவெட்டுக் கடை பூட்டிக் கிடக்கிறது என்று விசிக்கு அங்குஸ்தியாஸ் எழுதியிருக்கிறாள். சொந்தக்காரனிடம் பேசி வை. வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல் இருக்கிறதா என்று பார். ஜூனில் வருகிறோம். என் லேபிள், என் பெயர். அக்டோபரில் யாராவது டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டு கடைக்கும் போகட்டும். இரண்டு ஊசியும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

வெடித்த பெட்டிகளை ஒட்டுகிறேன் என்றாயே, நீ ஒட்டுவதில் எப்போதும் அவசரக்காரன். பாதியை எனக்கு அனுப்பு.

வியாழக்கிழமை முதுகை மூடினேன். ஊசி நாற்பத்தாறு, நான் ஈரத்துணியில் சோதித்த ஊசி. வெளியே வெயில், மூக்கும் சரி என்றது. மூடுவதற்கு முன் பழைய வரியை அழிக்கவில்லை. அதற்குக் கீழே தேதி போட்டேன், ஊசி போட்டேன், அப்புறம் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதினேன். என்ன எழுதினீங்க என்று விசி துளைத்து எடுக்கிறாள். அவளுக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்ல மாட்டேன். அதை யாராவது படிக்க வேண்டுமானால் அந்தப் பெட்டி இன்னொரு தடவை வெடிக்க வேண்டும்.

அது வெடிக்காது, மச்சான்.

லெயாந்த்ரோ